புட்டி ரின்னைக் கடைசியாகத் திறவுங்கள்

எங்கள் போடிங் அறையில் ஒரு மேசை இருக்கு. அதில் ஒரு கரையில் நோட்ஸ், இன்னொரு கரையில் கேத்தில், நடுவில் கடந்த நாலு மாதமாக ஒரு டாங்கி. பிளாஸ்ரிக் டாங்கிதான். 35இல் ஒரு பங்கு அளவு. எங்களில் ஒருவனின் சித்தப்பா வெளிநாட்டில் இருந்து வரும்போது, "நீங்கள் இப்படி ஏதோ ஒட்டிக்கொண்டு இருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன்" என்று சொல்லித் தந்துவிட்டுப் போன பெட்டி. பெட்டியின் மேல் படம் அப்படி ஒரு வடிவு. உள்ளே இருந்த துண்டுகள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்ற மாதிரி இருந்தன.

முதல் நாளே மேல் உடலைத் தூக்கிக் கீழ் உடலின் மேல் வைத்தோம். முன்பக்கம் பொருந்தியது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கத்தை அமத்தினால் முன்பக்கம் வாய் பிளந்தது. நாங்கள் நாலு பேரும் ஆளை ஆள் பார்த்தோம். ஒருத்தன் உடனே எழும்பி அலுமாரிக்குள் இருந்து புட்டி ரின்னை எடுத்துக்கொண்டு வந்தான். "அடைச்சுவிடுவம் மச்சான். பெயின்ற் அடிச்சா ஆருக்குத் தெரியும்?"

இந்தக் கட்டுரை அந்தப் புட்டி ரின்னைப் பற்றியது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொருந்தாத துண்டைக் கண்டவுடன் இடைவெளியை அடைப்பது பழுது பார்ப்பது அல்ல. அது ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பது. அடைப்பது கடைசி வேலை. பல நேரம் அதற்குத் தேவையே வராது. இதை நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருந்து கற்கவில்லை. இதே டாங்கியில் மூன்று தரம் பிழை விட்டுத்தான் கற்றோம்.

எந்த டாங்கி என்று சொல்லவில்லையே. ரி-55. சோவியத் ஒன்றியம் 1958இல் தயாரிக்கத் தொடங்கியது. போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும்கூடச் செய்தார்கள். அதற்கு முந்திய ரி-54ஐயும் சேர்த்துப் பார்த்தால் உலகத்தில் மிக அதிகம் செய்யப்பட்ட டாங்கிக் குடும்பம் இதுதான். 36 தொன் எடை, 100 மில்லிமீற்றர் குழல், உள்ளே நாலு பேர். பக்கத்துக்கு அஞ்சு பெரிய சில்லு. முதலாவது சில்லுக்கும் இரண்டாவது சில்லுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் கூடுதலான இடைவெளி இருக்கும். இந்த ஒரு அடையாளத்தை வைத்தே தூரத்தில் இருந்து இதை ரி-62இல் இருந்து பிரித்துச் சொல்லலாம். இலங்கை இராணுவத்திடமும் இது இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 35இல் ஒரு பங்கு என்றால் மேசையில் 1 மில்லிமீற்றர் இடைவெளி, உண்மையான டாங்கியில் 35 மில்லிமீற்றர். மூன்றரைச் சென்ரிமீற்றர். இரண்டு விரல் உள்ளே போகும். ரி-55இன் முன் கவசத்தின் தடிப்பே 100 மில்லிமீற்றர்தான், மொடலில் அது 3 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதன் விளிம்பில் இரண்டு விரல் போகிற ஓட்டை இருந்தால் அது டாங்கி இல்லை, தகரப் பெட்டி. ஆகவே 'ஒரு மில்லிமீற்றர்தானே' என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

'நல்ல கிட் ஒண்டு வாங்கு'

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்கும் அறிவுரை இது. பொருந்தாத பெட்டியோடு மல்லுக்கட்டாமல் புதிய அச்சில் வந்த, விலை கூடின பெட்டி ஒன்றை வாங்கு. துண்டுகள் தாமாகவே போய் இருக்கும், பசை மட்டும் தொட்டால் போதும்.

அது பொய் இல்லை. நல்ல பெட்டிகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அறிவுரை எந்த ஊரில் இருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதன்பின் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. 30 டொலர்ப் பெட்டி ஒன்று ஆறாயிரமாக இருந்து பத்தாயிரத்தைத் தாண்டியது ரெண்டு மாதத்துக்குள். அதில் தபால் செலவும் வரியும் சேரவில்லை. மகாபொல காசில் சாப்பிட்டுப் படிக்கிற ஒருவரிடம் போய் 'வேற வாங்கு' என்று சொல்வது அறிவுரை இல்லை.

காசுக் கதையை விடுவோம். காசு இருந்தாலும் நாங்கள் இந்தப் பெட்டியைக் கை விட்டிருக்க மாட்டோம் என்றுதான் இப்போது நினைக்கிறோம். தாமாகப் பொருந்துகிற பெட்டி, டாங்கியின் உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யோசிக்க எங்களை விட்டிருக்காது. பொருந்தாத பெட்டிதான் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்தது.

முதல் குற்றவாளி நாங்கள்

எங்களில் ஒருத்தி தொல்லியல் படிக்கிறாள். அவள் மேசையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஒட்டாமல் வச்சுப் பாத்தனியளா?"

உடைந்த மட்பாண்டத்தை ஒட்டும்போது அவர்கள் எடுத்தவுடன் பசையைத் தொடுவதில்லையாம். எல்லா ஓட்டையும் ஒட்டாமல் அடுக்கிப் பார்த்து, எது முதலில், எது அடுத்து என்று இலக்கம் போட்டு, அதற்குப் பிறகுதான் பசை. இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை பிழைத்து, கடைசி ஓடு அதன் இடத்துக்குள்ளேயே போகாமல் வெளியில் நிற்குமாம். நாங்கள் சிரித்தோம். பிறகு பார்த்தால் எங்கள் மேல் உடலின் கதையும் அதுவேதான்.

கீழ் உடல் தனித்தனித் தட்டுகளாக வந்திருந்தது. அடித்தட்டு, பக்கம் ரெண்டு, பின் தட்டு. அவசரத்தில் பின் தட்டை ஒட்டும்போது, சட்டத்தில் இருந்து வெட்டின இடத்தில் மிஞ்சியிருந்த கணுவைச் சீவ மறந்துவிட்டோம். அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அந்தக் கணு பின் தட்டைச் சற்று மேலே தூக்கி வைத்திருந்தது. பின் தட்டு மேல் உடலைத் தூக்கியது. மேல் உடல் முன்பக்கம் வாயைப் பிளந்தது. நாங்கள் முன்பக்கத்தை அடைக்கப் புட்டி எடுத்தோம். வருத்தம் காலில், மருந்து தலையில்.

ஆகவே எங்கள் முதல் விதி: அச்சைத் திட்டுவதற்கு முன் எங்கள் கையைச் சந்தேகிக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை.

வெட்டின இடத்துக் கணு முழுக்கச் சீவப்பட்டதா? ஓரங்களில் அச்சில் இருந்து கசிந்து வந்த மெல்லிய சவ்வு இருக்கா? பொருந்தும் முகத்தில் பெயின்ற் பட்டுவிட்டதா? பெயின்றுக்கும் தடிப்பு உண்டு, அதோடு பிளாஸ்ரிக் பசை பெயின்றின் மேல் பிடிக்காது. வலம் இடம் மாறிப்போனதா? (மாறியிருந்தது. ஒருமுறை இல்லை, ரெண்டுமுறை.)

இவ்வளவும் பார்த்த பிறகும் பொருந்தவில்லை என்றால் பென்சில் வையுங்கள். ஒரு முகத்தில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துவிட்டு மற்றத் துண்டை வைத்து மெதுவாக அமத்தி எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். திரும்பத் தேய்த்து, திரும்ப அமத்திப் பாருங்கள். அஞ்சு ஆறு தரம் செய்தால் துண்டு தன் இடத்தில் போய் இருக்கும். பென்சிலைத் தவிர ஒரு சதமும் செலவில்லை. அவசரப்படுகிற ஆளுக்கு மட்டும் இது சரிவராது.

இரண்டாவது: அச்சின் பிழை

எல்லாம் எங்கள் பிழையும் இல்லை. சில துண்டுகள் பிறக்கும்போதே வளைந்து பிறந்தவை. எங்கள் மேல் உடல் வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருந்தது. கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. நடு தொட்டது, ரெண்டு முனையும் தொடவில்லை.

இதற்குப் புட்டி மருந்து இல்லை, வெந்நீர்தான். மொடல் பிளாஸ்ரிக் பொலிஸ்ரைரீன், கொதிநீர்ச் சூட்டை நெருங்கும்போது அது இளகிவிடும். ஆகவே கொதிக்கிற தண்ணிக்குள் போட்டால் துண்டு கருவாடு மாதிரிச் சுருண்டுவிடும். கை வைக்க முடியாத, ஆனால் கொதிக்காத தண்ணி காணும். அதில் கொஞ்ச நேரம் பிடித்து, எடுத்து, எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்து, அப்படியே பிடித்தபடி பச்சைத் தண்ணிக்குள் விட வேண்டும். ஒரே தரத்தில் நேராக்க நினைக்கக் கூடாது. நாங்கள் நாலு தரம் செய்தோம். கேத்திலுக்கு முதல் தடவையாகத் தேத்தண்ணியைத் தவிர வேறு வேலை கிடைத்தது.

பக்கத் தட்டுகள் உள்ளே சாய்ந்திருந்தால், வெளியில் இருந்து அடைப்பதை விட உள்ளே இருந்து தள்ளுவது நல்லது. துண்டுகள் வந்த சட்டம் வெறுமனே கிடக்கும்தானே, அதில் ஒரு துண்டைச் சரியான நீளத்துக்கு வெட்டி, உடலின் உள்ளே குறுக்காக முண்டு கொடுத்து ஒட்டிவிடலாம். மேல் உடல் மூடின பிறகு அதை ஆரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் கூரைக்குக் கீழே தீராந்தி நிற்கிற மாதிரி அது உள்ளே நிற்கும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் அதைப் புட்டியால் நிரப்பாமல் தகடு வைத்து நிரப்புங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் தகடு இங்கே தேடி வாங்குவது கஷ்டம் என்று நாங்களும் கவலைப்பட்டோம். பிறகு கன்ரீன் குப்பைக் கூடைக்குள் இருந்து விடை வந்தது. யோகட் கப். கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு இலக்கம் இருக்கும். 6 என்று இருந்தால் அது பொலிஸ்ரைரீன், டாங்கியும் கப்பும் ஒரே சாதிப் பிளாஸ்ரிக், ஒரே பசை ரெண்டையும் உருக்கி ஒன்றாக்கும். 5 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அது பொலிபுரொப்பிலீன், அந்தப் பசை அதில் பிடிக்கவே பிடிக்காது. கழுவிக் காயவைத்து, கத்தரியால் கீலம் கீலமாக வெட்டி, இடைவெளிக்குள் செருகி, பசை தொட்டு, ஒரு நாள் விட்டு, மிஞ்சினதைச் சீவிவிட வேண்டியதுதான். எங்கள் டாங்கியின் பின்பக்கத்தில் ஸ்ரோபெறி யோகட் கப் ஒன்று இருக்கு. பெயின்றுக்குக் கீழே.

ஒட்டும்போது கையால் பிடித்துக்கொண்டு இருந்தால் கை நடுங்கும். உடுப்புக் கிளிப், றப்பர் பான்ட், ரேப், இவை காணும். சில்லுகளை ஒட்டும்போது டாங்கியைக் கண்ணாடியிலோ தரை ஓட்டிலோ நிறுத்தி வையுங்கள். பத்துச் சில்லும் தரையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் சங்கிலி போட்ட பிறகு டாங்கி நொண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுகிற மயிரிழை இடைவெளி இருக்கு பாருங்கள், அதுதான் புட்டியின் இடம். அதற்கும் கடைப் புட்டி கட்டாயம் இல்லை. சட்டத்தைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்ரிக் பசைப் போத்தலின் அடியில் மிஞ்சியிருக்கிற பசையில் ஊறவிட்டால் ஒரு நாளில் கூழாகும். அதே பிளாஸ்ரிக், ஆகவே அரமும் கத்தியும் ஒரே மாதிரி ஓடும். ஒரே குறை, காயும்போது சுருங்கும், ஒரு நாளாவது விட வேண்டும். அவசரம் என்றால் சுப்பர் குளூவில் பேபி பவுடர் கலந்து பூசலாம். ஆனால் அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது பிளாஸ்ரிக்கை விட இறுகிப்போய்க் கிடக்கும். சாண்ட் பேப்பர் புட்டியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிளாஸ்ரிக்கைத் தின்னும். தேய்க்கும்போது தண்ணி தொட்டுத் தேயுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். தூசியும் பசை மணமும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

எங்கள் போடிங்குக்குப் பக்கத்தில் ரிங்கரிங் வேலை செய்கிற கராஜ் ஒன்று இருக்கு. அங்கே ஒரு அண்ணையிடம் கொஞ்சம் புட்டி கேட்டுப் போனபோது எதற்கென்று கேட்டார். சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "தம்பியவை, தகட்டை அடிச்சு நேராக்காமல் புட்டி போட்டா ரெண்டு மழைக்கு நிக்காது. பெயின்ற் அடிச்சுக் குடுக்கேக்க வடிவாத்தான் இருக்கும். காசு வாங்கேக்கயும் இருக்கும்." இவ்வளவு நேரமும் நாங்கள் நீட்டி முழக்கினதை அவர் ஒரு வாகனத்தில் கை வைத்தபடி சொல்லி முடித்துவிட்டார்.

மூன்றாவது: பிழையே இல்லாத பிழை

இதுதான் எங்களுக்கு மிகவும் வெட்கமான இடம்.

ரி-55இன் சுழலும் தலை கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். எங்கள் துண்டில் அந்தச் சட்டியின் உச்சியில், முன்னிருந்து பின்னுக்கு, ஒரு தடித்த கோடு ஓடியது. ஒரே சீராகவும் இல்லை, கொஞ்சம் நெளிவு. பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். 'அச்சு மூட்டு சரியாப் பூட்டேல்ல, அதுதான் கோடு விழுந்திருக்கு.' ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேய்த்தோம். முட்டை மாதிரி வழுவழுவென்று வந்தது. அந்தச் சந்தோசத்தில் கன்ரீனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

ரெண்டு நாள் கழித்து, ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மையான ரி-55இன் படம் ஒன்றை மேலிருந்து பார்த்தோம். அங்கே அந்தக் கோடு இருந்தது. அந்தத் தலை வார்ப்பு, ஆனால் அதன் கூரை தனியாக ரெண்டு தகடு. ரெண்டும் அரைவட்டம் மாதிரி. நடுவில் ஒன்றோடு ஒன்று வெல்டிங் பண்ணியிருக்கும். நாங்கள் 'பிழை' என்று தேய்த்து அழித்தது ஒரு தொழிலாளி ரெண்டு தகட்டைச் சேர்த்து வைத்த வெல்டிங் கோடு. அந்த மலிவுப் பெட்டி, மற்ற எல்லாவற்றையும் பிழைவிட்டாலும், அதை ஒழுங்காகச் செய்திருந்தது. நாங்கள்தான் திருத்தப்போய்க் கெடுத்தோம்.

பிறகு பார்க்கப் பார்க்க இன்னும் தெரிந்தது. ரி-55இன் வார்ப்புத் தலை உண்மையில் வழுவழுப்பாகவே இருக்காது, கையால் தடவினால் சொரசொரக்கும். அதற்கு முந்திய ரி-34இல், 1941, 42இல் போர் அவசரத்தில் கட்டியவற்றில், வெல்டிங் எல்லாம் கரடுமுரடாகப் பொங்கி நிற்கும். அதை ஒருவர் மொடலில் தேய்த்து அழகாக்கினால் அவர் அந்தத் தொழிற்சாலையையும் அந்த ஆண்டையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்.

திரும்பச் செய்தோம். சட்டத்துண்டு ஒன்றை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே காட்டி இளக வைத்து, நூல் மாதிரி இழுத்து, அந்த நூலை உச்சியில் ஒட்டி, பசை பூசி மெத்தென்று ஆனபின் கத்தி முனையால் குறுக்கே குத்திக் குத்தி வெல்டிங் மாதிரி ஆக்கினோம். நன்றாக வந்திருக்கு. ஆனால் முதலில் இருந்தது இன்னும் நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கலைப்பீடத்துக்காரர்கள் நாங்கள் மூலத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று முதல் வருடத்தில் இருந்தே கேட்கிறோம். கட்டுரையில் அதை மதிக்கிறோம், மதிப்பெண் போகும் என்பதால். மேசையில் மறந்துவிட்டோம். ஒரு பொருளின் உண்மை முகம் தெரியாமல் அதன் குறையைத் திருத்த முடியாது. எது குறை, எது தழும்பு என்று பிரிக்கத் தெரிந்த பிறகுதான் சாண்ட் பேப்பரைத் தொடலாம்.

'உங்களுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையா?'

கிடைக்கேல்லையா என்று கேட்டது ஒரு சீனியர் அண்ணா. நியாயமான கேள்வி. இந்த ஊரில், இத்தனைக்கும் பிறகு, மேசையில் வைத்துக் கொஞ்சுவதற்கு டாங்கிதானா? கப்பல் செய்யலாம், பழைய கார் செய்யலாம், பறவை செய்யலாம். டாங்கி செய்வது ஆயுத மோகம் என்று அவர் நினைக்கிறார்.

எங்களிடம் முழு விடை இல்லை. பெட்டி கிடைத்தது, செய்தோம் என்பதுதான் நேர்மையான விடை. ஆனால் ஒன்று சொல்லலாம். பெட்டியின் மேல் படத்தில் டாங்கி தூசி கிளப்பிக்கொண்டு பாய்கிறது. அதில் மோகம் இருக்கு. நாலு மாதமாக அதே டாங்கியின் சில்லையும் தட்டையும் கூரை வெல்டிங்கையும் பார்த்த பிறகு அந்தப் படம் எங்களுக்குப் பொய்யாகத் தெரிகிறது. அது இரும்பு, சூடு, இடநெருக்கடி. யாரோ ஒட்டினது, யாரோ உள்ளே இருந்தது, யாரோ அதன் முன்னால் நின்றது. கம்பஸுக்கு வரும்போது ஏ-9 வீதியில் ஆனையிறவில் கவசமிட்ட புல்டோசர் ஒன்றைப் பஸ் தாண்டும். 1991 யூலை மாதம் ஆனையிறவு முகாம் மீதான தாக்குதலில் புலிகள் கொண்டுவந்தது, இன்று இராணுவத்தின் நினைவுச் சின்னம். முன்பெல்லாம் போனில் இருந்து தலையைத் தூக்க மாட்டோம். இப்போது அதன் தகடுகள் எப்படிச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று கண் தானாகப் போகிறது. யாரோ ஒரு பட்டறையில் இருந்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது. அதை மோகம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்களில் ஒருவனின் அம்மா ஒருநாள் சாப்பாட்டுப் பார்சலோடு வந்தா. நாங்கள் எல்லாரும் அவவை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மேசையைக் கண்டவுடன் அவவின் முகம் மாறியது. மறைக்க நேரம் கிடைக்கவில்லை. 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனவ அவ, பதினேழு வயதில். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவவின் ஊர்ச் சந்தியில் ஒன்று நின்றதாம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள எத்தினை பேர்?" என்று கேட்டா.

"நாலு பேர் அம்மா."

"நாங்கள் ஒருத்தரையும் காணேல்ல. மேல் மூடி பூட்டித்தான் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னாலதான் தண்ணிக்குப் போறது. உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டுகூடத் தெரியாது." பிறகு பார்சலைப் பிரித்து, "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றா.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கிழமை எங்கள் தலைவலி அந்த மூடிதான். தலையின் மேல் கட்டளை அதிகாரிக்கு ஒன்று, குண்டு ஏற்றுபவருக்கு ஒன்று என்று ரெண்டு வட்ட மூடி. ரெண்டும் அவற்றின் வாய்க்குள் இறங்கவில்லை, வாயை விடப் பெரிசு. மொடல் செய்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தப்பும் வழி ஒன்று இருக்கு. மூடி பூட்டாவிட்டால் திறந்தபடி ஒட்டிவிடு. ஒரு வீரரின் உருவத்தை அரை உடம்போடு நிறுத்திவிடு. பார்ப்பதற்கும் கம்பீரமாக இருக்கும், பொருந்தாதது ஆருக்கும் தெரியாது. நாங்களும் அப்படித்தான் முடிவெடுத்து வைத்திருந்தோம். வீரரின் உருவத்துக்குப் பெயின்ற்கூட அடித்தாச்சு.

அம்மா போன பிறகு ஒருத்தரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை. ஒருத்தன் பென்சிலை எடுத்தான். கரி தேய்த்து, அமத்தி, சுரண்டி, திரும்பத் தேய்த்து, ரெண்டு பின்னேரம் எடுத்தது. வட்டத்தை வட்டமாகவே சிறிதாக்குவது சும்மா வேலை இல்லை. ஒரு பக்கம் கூடச் சுரண்டினால் முட்டை வடிவம் ஆகிவிடும். கீல் இருக்கும் பக்கத்தில் மட்டும் யோகட் கப் கீலம் ஒன்று வைத்தோம். இப்போது ரெண்டு மூடியும் பூட்டிக் கிடக்கு. புட்டி தொடவில்லை.

எங்கள் டாங்கியில் வீரர் யாரும் இல்லை. இந்த ஊர் சந்தியில் நின்ற டாங்கி அப்படித்தான் தெரிந்ததாம், ஆகவே இதுவும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். அடிப்பக்கத்தில் ஒரு நீளமான இடைவெளி இன்னும் இருக்கு, விட்டுவிட்டோம். பரீட்சை வருகிறது. எல்லாத் துண்டையும் திருத்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் முடியாது. பாதியில் கிடந்து தூசி பிடிக்கிற மொடல்கள் இந்தப் பொழுதுபோக்கில் எத்தனையோ. ஆனால் தெரிந்து விடுவதும் தெரியாமல் மூடுவதும் ஒன்றில்லை. எங்கே இடைவெளி இருக்கு, ஏன் இருக்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆரும் கேட்டால் டாங்கியைக் கவிழ்த்துக் காட்டுவோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். முட்டுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள், பிறகு அச்சை. சாண்ட் பேப்பரைத் தொட முன் உண்மையான பொருளின் படத்தை, முடிந்தால் அதை உண்மையாகவே கண்ட ஆளை, ஒருமுறை கேளுங்கள். புட்டி ரின் அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும். தேவை வந்தால் எடுக்கலாம், அது எங்கேயும் போகாது.

எங்கள் ரின்னின் மூடி போன கிழமை திறக்க முடியாமல் இறுகிப்போய் இருந்தது. உள்ளே காய்ந்திருக்கும் போல. புதிசு வாங்க வேண்டுமா என்று கேட்டான் ஒருத்தன். இப்போதைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.